நாற்பது நிமிடம் குறைகிறது

உரக்கடையில் கொடுத்த போன வருடத்து டைரி.
அதனால் என் புதன்கிழமைகள் எல்லாம்
செவ்வாய் என்று அச்சிட்ட பக்கத்தில் நடக்கின்றன.
பக்கத்தின் அடியில் வேர்ப்புழுவுக்கு மருந்து,
ஏக்கருக்கு இத்தனை மில்லி.
மேலே நான்:

4.10 எழுந்தது.
4.10 – 4.50 தண்ணீர், பால், அடுப்பு.
4.50 – 5.15 நிவேதிகாவுக்குச் சடை
(தூக்கத்திலேயே பின்னிவிட்டேன்).
5.40 வண்டி.
6.00 மூன்றாம் லேன்.

குரூப் ஃபோருக்குப் படிக்க
நாளைக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.
எங்காவது ஒளிந்திருக்கும், எழுதினால் மாட்டும்
என்றுதான் தொடங்கினேன்,
மழைக்கோட்டுப் பையில் சில்லறை தேடுவதுபோல.

டோல்கேட்டில் நேரத்தை நான் எழுத வேண்டியதில்லை,
அதுவே எழுதிக்கொள்ளும்.
ஸ்டிக்கரை மெஷின் படித்தால் நான்கு நொடி.
படிக்காவிட்டால் ஒரு சண்டை,
கர்நாடகா வண்டி கன்னடத்தில்,
ஆந்திரா வண்டி தெலுங்கில்,
சேலத்துக்காரர் கையை மட்டும் ஆட்டி.
யார் எப்போது கடந்தார் என்பதெல்லாம் திரையில் இருக்கிறது,
நான் இரண்டு முறை தும்மியதைத் தவிர.
கிரானைட் ஏற்றிய டாரஸ் வந்து நிற்கும்போது
கூண்டு கொஞ்சம் இருட்டும்.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?
விட்டுவிட்டேன்.

ஞாயிறு இரவு கூட்டிப் பார்த்தேன்
(டைரிக்குச் சனி).
தூக்கம் ஐந்தே முக்கால்.
வேலை எட்டு.
சமையல் பாத்திரம் துணி, அவற்றைப் பிரிக்க முடியவில்லை.
போன் ஒன்றே கால். பொய், ஒன்றரை இருக்கும்.
எப்படிக் கூட்டினாலும்
இருபத்துமூன்று மணி இருபது நிமிடம்.
வேலைக்குப் போன ஆறு நாளும் இதே.

கவுண்டரில் பத்து ரூபாய் குறைந்தால்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இதை யாரிடம் பிடிப்பது?
நான்காம் லேன் ஷமீனாவிடம் கேட்டேன்.
"எனக்கு நாலு வருஷமே காணோம்,
நீ நிமிஷத்துக்கு அழறே" என்றாள்,
டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

மறுநாள் என்னையே பின்தொடர்ந்தேன்.
2.00 கணக்கு ஒப்படைத்தது.
2.15 வண்டி எடுத்தது.
2.25 மாங்கூழ் ஃபாக்டரியின் பின்சுவர்.
வண்டி நின்றது.
நான்தான் நிறுத்தினேன் போல.
ஸ்டாண்டு போடவில்லை,
இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி
ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.
சுவருக்கு மேலே கொட்டைக் குவியல்,
ஈக்கள், புளித்த இனிப்பு வாசம்.
ஒரு வண்டியும் கடக்கவில்லை.
கடந்தாலும் நான் எதையும் தூக்கிவிட வேண்டியதில்லை.
மணி பார்த்தால் 3.05.

ஆக, இங்கேதான் இருந்திருக்கிறது.
மூன்று மாதத்துக்கு அறுபது மணி நேரம்.
பொதுத்தமிழ் முழுக்க முடித்துவிடலாம்.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு
எழுதினேன்:
2.25 – 3.05 பஞ்சர்.

அடுத்த நாளும் பஞ்சர்.
அதற்கடுத்த நாள் "பின் சக்கரம் பஞ்சர்",
ஒரே மாதிரி எழுதக் கூச்சமாக இருந்தது.

டைரி அடுப்புப் பக்கத்தில்தான் கிடக்கும்.
திம்மராயன் எதற்கோ பேனா தேடிப் புரட்டியிருக்கிறார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஞாயிறு காலை வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்
மதியம் வந்து கை கழுவினார்,
சோப்பு கறுத்துவிட்டது.
"ரெண்டு டயரும் மாத்திட்டேன். ட்யூப்லெஸ்.
ஆணி ஏறினாலும் வீடு வந்து சேர்ந்துடலாம்."
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.
எந்தச் சீட்டுப் பணமோ.

இன்று 2.25.
அழுகிய மாம்பழத்தோடு புது ரப்பர் வாசமும்.
ஏதாவது எழுதியாக வேண்டும்.
பெட்ரோல் தீர்ந்தது என்றால்
நாளைக்குக் கேனோடு வந்து நிற்பார்.
மழை என்று எழுத வானம் ஒத்துழைக்கவில்லை.
ரயில்வே கேட் என்று எழுதலாம்,
கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் வரவில்லை.
யோசித்து முடிப்பதற்குள்
3.12.