அரை மணி நேரம்

பாண்டான் லூப்பில் எங்கள் கிடங்கு.
நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு
முட்டை, வெங்காயம், கயிறு, கிரீஸ்,
ஒருமுறை ஒரு கேப்டனின் கிளிக்குத் தினை,
படகில் ஏற்றி அனுப்புவது தொழில்.
எந்தப் படகு எப்போது எந்தக் கப்பலுக்கு
என்று சொல்லும் மென்பொருளுக்குப்
பதினொரு வருடம் வாடகை கட்டினோம்.
ஜனவரிதோறும் பில் வரும்,
போன ஜனவரியைவிடக் கொஞ்சம் கொழுத்து.

சொந்த வீடு கட்டுவதுபோல
நானும் தவமணியும் ஒன்றை எழுதினோம்.
செங்கல் எல்லாம் இலவசம்:
யாரோ போலந்தில், யாரோ பெங்களூரில்
தூக்கம் வராத இரவுகளில் சுட்டுத்
தெருவில் அடுக்கி வைத்தது.
வாடகை நின்றது.
திருவாட்டி குவெக் அன்று எல்லாருக்கும்
கோப்பி வாங்கித் தந்தார்.

தகராறு அடுத்த ஆண்டு வந்தது,
நாங்கள் கட்டியதையும் தெருவில் வைக்கலாம்
என்று நான் சொன்னபோது.

'திறந்த மூலம்' என்று தமிழில் சொல்லிப் பார்த்த தவமணி
"வைத்தியரிடம் காட்ட வேண்டியதுபோல் இருக்கிறது" என்றான்.
கணக்குப் பார்க்கும் லோகநாயகி சிரிக்கவில்லை.
"மூலதனம் என்கிறோமே,
அதில் மூலத்தைக் கொடுத்துவிட்டால்
தனம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?"
இதைத் திருவாட்டி குவெக்குக்கு ஆங்கிலத்தில்
விளக்க முடியாமல் மூவரும் திணறினோம்.
அவர் பொறுமையாக இருந்துவிட்டு
"பெஞ்சுரு லேன்காரர்கள் எடுத்துக்கொள்வார்களா?" என்றார்.
எடுத்துக்கொள்வார்கள்.
"பிறகு?"
பிறகுக்கு என்னிடம் ஒரு ஸ்லைடு இருந்தது.
அதில் அம்புக்குறிகள் இருந்தன.
இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை வெளியிட்டோம்.
நாற்பது நாள் ஈ காக்கை இல்லை.
நாற்பத்தோராம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு
ஒரு திருத்தம் வந்தது. இரண்டே வரி.
அனுப்பியவன் ஃபைரூஸ்,
பெஞ்சுரு லேன்.

நீரோட்டம் திரும்பும் நேரத்தை
ஒரு பழைய அட்டவணையிலிருந்து எடுத்திருந்தோம்.
எண்பத்திரண்டுக்கு முந்தியது.
அப்போது சிங்கப்பூரின் கடிகாரம்
இன்றையதைவிட அரை மணி பின்னால்.
ஒரு புத்தாண்டில் தீவு முழுக்க
முட்களை நகர்த்தினார்கள்,
அட்டவணையிடம் யாரும் சொல்லவில்லை.
ஆகவே எங்கள் படகுகள்
அரை மணி முந்திப் புறப்பட்டு
இன்னும் திரும்பாத நீரை முட்டிக்கொண்டு
டீசல் குடித்தன.
படகோட்டி ரோஸ்லான் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்,
தண்ணீர் சரியில்லை என்று.
நாங்கள் திரையைக் காட்டினோம்.

திருத்தத்துக்குக் கீழே ஃபைரூஸ் எழுதியிருந்தான்:
"எங்கள் படகுகளும் முட்டிக்கொண்டன."

ஏற்றுக்கொள்ளும் பொத்தான் பச்சை.
அழுத்துமுன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தன் படகுகளுக்கு மட்டும் திருத்திவிட்டு
எங்கள் டீசல் எரிவதை அவன் ரசித்திருக்கலாம்.
அவன் முதலாளிக்கு இது தெரியுமா?
அல்லது, தனியாகத் திருத்தி வைத்தால்
நாங்கள் எதையாவது மாற்றும்போதெல்லாம்
மறுபடி மறுபடி திருத்த வேண்டுமே என்ற
வெறும் சோம்பலா?
அழுத்தினேன்.

அதே வெள்ளிக்கிழமை
கிரேக்கக் கப்பல் ஒன்றின் ஆர்டரைப்
பெஞ்சுரு லேன் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.
இருநூறு தட்டு முட்டை.
தட்டுக்குப் பத்துக் காசு குறைவாம்.

இப்போதெல்லாம் விடியுமுன் நாலு நாற்பதுக்கு
இரண்டு கம்பெனிப் படகுகளும்
ஒரே நிமிடத்தில் கிளம்புகின்றன.
ரோஸ்லான் அந்தப் படகைப் பார்த்துக் கையசைக்கிறார்,
பிறகு வேகம் கூட்டுகிறார்.
எந்தக் கப்பலின் சமையற்காரருக்கு
எந்தச் சம்பல் பிடிக்கும் என்பது
அவர் தலைக்குள் கிடக்கிறது.
அதற்கும் ஒரு கணக்குத் தலைப்பு திறக்கலாம் என்கிறாள் லோகநாயகி.

நேற்று இரவு திருவாட்டி குவெக்கிடமிருந்து வாட்ஸ்அப்:
"அந்த ஃபைரூஸ் என்ன சம்பளம் வாங்குகிறான்?"
தட்டினேன், அழித்தேன்.
அவன் ஏற்கெனவே நமக்காகத்தான்
வேலை செய்கிறான் என்று எழுதலாமா,
நானும் அவர்களுக்காகத்தான் என்பதையும்
சேர்த்து எழுதலாமா.
படித்துவிட்டேன் என்று
இரண்டு நீல டிக் அவருக்குத் தெரிந்திருக்கும்.