தண்ணீர்க் கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி.
அட்டையில் சிரிக்கிற யானைக்குட்டி.
மகளின் கணக்குப் பாடம் ஆறு பக்கம் தின்றது போக
மிச்சம் முழுக்கத் தண்ணீர்.

கொழுந்து நிறுத்து அரைப்பேர் போடுகிற கையை
எங்களுக்கு நன்றாகத் தெரியும்:
பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்தால் பாதி மனுசி.
இந்தக் கொப்பியில் அரைப்பேர் கிடையாதென்று
முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.
கைப்பிள்ளையோடு வந்து
ஒரு கூடை மணல் கொட்டிவிட்டுப் போனாலும்
அன்றைக்கு முழுப்பேர்.

ஆவணியில் பணிய லயத்தில்
பதினொரு பேரின் கண் மஞ்சளித்தது.
பீலிக்கு மேலே மரக்கறித் தோட்டம்,
அதற்கும் மேலே மாட்டுப்பட்டி.
பி.எச்.ஐ. ஐயா போத்தலில் அள்ளிப்போய்
ஒரு தாள் அனுப்பினார்.
வசந்தமலர் அதை மனதுக்குள் வாசித்து மடித்தாள்.
"சுடவச்சுக் குடிங்க."
"வெறகு நீ தாறியா?" என்றாள் தெய்வானை.

அப்படித்தான் தொடங்கியது.

மூன்றாம் ஞாயிறு,
ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்டுகையில்
யோகராசனின் மண்வெட்டி ணங்கென்றது.
இரும்புக் குழாய். துருவேறி, தொடை மொத்தம்.
அவன் குனிந்து காது வைத்தான்.
பிறகு நாங்களும், ஒவ்வொருவராய்,
ஈர மண்ணில் கன்னம் பதித்து.
உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.
நாங்கள் பிறந்த காம்பராக்களின் முதுகுக்குப் பின்னால்,
எங்கள் அம்மாக்கள் குடத்தோடு வரிசையில் நின்ற
அத்தனை காலமும்,
பங்களா ரோசாவுக்கு.

காலில் ஏறிய அட்டையைக்கூட
யாரும் தட்டிவிடவில்லை.
யோகராசன் மண்வெட்டியை ஓங்கினான்.
"அறுத்தா ஒரு நா தண்ணி வரும்,
மறுநா பொலிஸ் வரும்" என்றார் சந்தியாகு.
தெய்வானை ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொல்லாததுதான் எங்களுக்கு அதிகம் கேட்டது.
மூடினோம்.
ஒரு முழம் தள்ளிக் கான் வெட்டினோம்.
வெட்டியதற்குப் பேர் போட்டேன்.
மூடியதற்கும்.

பைனஸ் காட்டுக்கு அப்பால்
ஊற்றடியில் பியதிலக கைகட்டி நின்றார்.
கீழே அவருடைய போஞ்சிப் பாத்தி.
எங்கள் சிங்களமும் அவர் தமிழும்
சரிசமமாய் உடைந்தவை.
உடைசலை வைத்தே பேசி முடித்தோம்:
பகல் போஞ்சிக்கு, இரவு எங்கள் தாங்கிக்கு.
மறுவாரம் இரண்டு மூட்டை சீமெந்து
அவர் தலையில் மலையேறியது.
கொப்பியில் அவர் பேரும் இருக்கிறது,
எழுத்துப்பிழையோடு.

பணம் கட்டாத வீடு நான்கு.
அந்தப் பேர்களைப் பென்சிலில் எழுதினேன்.
நானே அழித்தேன்.

கார்த்திகையில், கொட்டுகிற மழையில்,
கூரையெல்லாம் தண்ணீராய் இருந்த ஒரு வியாழன்
குழாயிலும் வந்தது.
முதலில் காற்று. பிறகு ஓர் இருமல்.
பிறகு செம்மண், அதோடு ஒரு தலைப்பிரட்டை.
பிள்ளைகள் அதைத் தேங்காய்ச் சிரட்டையில் வளர்த்தார்கள்.
தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை.
இன்னொரு போத்தல், இன்னொரு தாள்,
நடுவில் பன்னிரண்டு நாள்.
இந்த முறை வசந்தமலர் சத்தமாக வாசித்தாள்,
அடியில் இருந்த தொலைபேசி நம்பர் வரைக்கும்.

மேட்டு லயத்துக் கடைசி மூன்று வீட்டுக்கு
இன்னும் ஏறவில்லை.
அதில் ஒன்று தெய்வானை வீடு.
வாளியோடு இறங்கி வருகிறாள்,
நிரப்புகிறாள், ஏறுகிறாள்.
ஒரு நாளாவது ஏசிவிட்டுப் போனால்
எனக்குத் தூக்கம் வரும்.

இரவில் பின்சுவரில் காது வைக்கிறேன்.
அந்தப் பக்கம் இப்போது இரண்டு தண்ணீர் ஓடுகிறது.
எது எங்களுடையதென்று
சுவர் சொல்வதாயில்லை.

கையிருப்பு முந்நூற்றிருபது ரூபா.
ஒன்பதாம் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, வாஷர் வாங்கணும்.
மேட்டுக்கு இன்னொரு தாங்கி.
யானைக்குட்டி நனைந்து ஊதிப்போயிருக்கிறது.
பக்கம் முடிகிறது,
மகளிடம் வேறு கொப்பி கேட்கணும்.