கூனி

மூதூர் லோஞ்சில், பிஸ்கட் பெட்டிக்குள் வந்தது
பத்துக் கிழமைக் குட்டி.
நெற்பதர் நிறம். காது மட்டும் உடம்பைவிடப் பெரிது.
ஒரு கைக்குள் அடங்கியதால் கூனி என்று பெயர் வைத்தேன்.
"கறிக்கு வைக்கிற பெயரப்பா" என்றார் ரூபன்.

வீட்டில் ஏற்கெனவே இருவர்: துரை, பவுடர்.
நான்கு வருஷமாய் ஒரே சாக்கில் படுத்து
ஒன்றின் கண் பீளையை மற்றது நக்கித் துடைத்து
ஒரே கங்குன் தண்டை இரு முனையிலும் கடித்து வந்து
மூக்கு முட்டும் இடத்தில் நிற்கிறவர்கள்.

முதல் பத்து நாள் நடுவில் கம்பி வலை.
வைக்கோலை மாற்றி மாற்றிப் போட்டேன்,
இதன் மணம் அங்கே, அதன் மணம் இங்கே.
துரை முகர்ந்தான்.
பின்னங்காலால் நிலத்தில் ஓங்கி ஓர் அடி.
நடுச்சாமத்தில் அது
கதவு தட்டுகிற சத்தம் மாதிரி இருக்கும்.
எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு சத்தத்துக்கு
இன்னும் சிலர் எழும்பி உட்காருவார்கள்.

பதினோராம் நாள் வலையை எடுத்தேன்.
பவுடர்தான்,
சாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித்திரிந்த பவுடர்தான்
முதலில் பாய்ந்தாள்.
சீமெந்துத் தரையில் ஒரு பிடி பதர்நிற மயிர்.
பிரிக்கப் போன என் விரலில் துரையின் பல்.

மிருக வைத்தியர் விரலைப் பார்த்துச் சிரித்தார்.
"அவங்கட இடத்தில விட்டா அடிபடத்தான் செய்வாங்க.
யாருக்கும் சொந்தமில்லாத ஓரிடத்தில
மூண்டு பேரையும் விட்டுப் பாருங்க."

யாருக்கும் சொந்தமில்லாத இடம்.
திருகோணமலையில்.

குளியலறையில் துரை ஏற்கெனவே புழுக்கை போட்டு
உறுதி முடித்துவிட்டான்.
பக்கத்து வளவு வெறுமைதான்,
ஆனால் அதற்கு மூன்று உறுதி, இரண்டு வழக்கு,
யாரும் வாசிக்க முடியாமல் துருப்பிடித்த ஒரு பலகை.
கடற்கரையில் நாய்கள்.

"ஓட்டோ" என்றார் ரூபன்.
"ஓடுற ஓட்டோ ஆற்றை இடம்?"
"லீசிங் கொம்பனியின்ரை" என்றேன்.

இரவு ஒன்பதரைக்குப் புறப்பட்டோம்.
உடுப்புக் கூடைக்குள் மூவர், மேலே ஒரு துவாய்,
கூடை என் மடியில்.
பாலையூற்று தாண்டும் வரை உறுமல்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு பள்ளம்.
கூடை துள்ளி விழுந்தது.
துவாயை விலக்கினால்
துரையின் வயிற்றுக்கடியில் கூனியின் தலை.
அன்பில்லை அது. பயம்.
பயத்துக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்க நேரமில்லை.

துறைமுகப் பக்கம் உப்புக் காற்றும் டீசலும்.
ஏகாம்பரம் வீதியில் இரண்டு மான்கள்
நடுத்தெருவில் நின்று கோவா இலை தின்றன.
ஹோர்னுக்கும் அசையவில்லை.
ரூபன் எஞ்சினை நிற்பாட்டினார்.
நின்றதுதான் தாமதம்,
கூடை ஓர் இடமாகிவிட்டது.
கிறீச்சென்று சண்டை.
"எடுங்கோ, எடுங்கோ, மானைச் சுத்தி எடுங்கோ!"

நான்கு இரவு இப்படி.
கை காட்டி மறித்தவர்களிடம் "ஆள் இருக்கு" என்றார் ரூபன்.
பொய்யில்லை.
பெற்றோல் காசை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மழை. ஓட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை.
குசினிக்குள் மூன்றையும் விட்டுவிட்டுக்
கையில் தும்புத்தடியோடு நின்றேன்.
கூனி போய்ப் பவுடரின் முன்னால்
தலையைத் தரையோடு தாழ்த்திக் கிடந்தது.
பவுடர் சுவரைப் பார்த்தாள்.
தன் காதைத் துடைத்தாள்.
மறுபடி சுவர்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போகவில்லை.
பிறகு, ஏதோ மறந்துபோன வேலை நினைவுக்கு வந்தவள் போல
அந்தச் சின்ன நெற்றியில்
ஒரே ஒருதரம் நக்கினாள்.

கங்குன் தண்டுக்கு இரண்டு முனைதான் உண்டு.
துரை ஒன்றில், பவுடர் மற்றதில்.
கூனி நடுவில் கடிக்கத் தொடங்கியது.
துரை காலால் ஓங்கி அடித்தான்.
வாயை எடுக்கவில்லை.