நாலு இறாத்தல் நூல்

ஒரு இறாத்தல் பாண் வாங்கி
ஓரத்தைக் கிள்ளி எறிந்தேன்.
மீனுக்கில்லை.
தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க.
கிருலப்பனைக் கால்வாய் அப்படி,
கேட்டால்தான் நகரும்.

ஞாயிறு, விடிய ஐந்தே முக்கால்.
பாலத்தின் மேல் 138 ஆட்களில்லாமல் போகிறது.
எதிர்க்கரையில் ஒரு கபரகொய்யா
ஷொப்பிங் பேக் ஒன்றைத் திறந்து பார்த்து
விட்டுவிட்டு வருகிறது.

ரொட் புறக்கோட்டையில் வாங்கியது.
நாடு திரும்பிய எந்த வெள்ளைக்காரன் விற்றானோ,
கடைக்காரர் திரைச்சீலைக் கம்பி என்று விலை சொன்னார்.
நானும் திரைச்சீலைக்குத்தான் என்றேன்.

கட்டுப்பல் செய்வது என் வேலை,
பதினொரு வருடம்.
மெழுகுக் கத்தியும் சின்ன இடுக்கியும்
சனி இரவு வேறு வேலை செய்யும்:
பழைய ரப்பர் செருப்பின் வெள்ளையில் ஒரு துண்டு,
எட்டாம் நம்பர் முள்,
நாலு சுற்று நூல், ஒரு சொட்டு பசை.
பார்த்தால் பாண்.
மணந்தால் செருப்பு.

முன்னால் எறிய
முதலில் பின்னால் எறியவேண்டும் என்கிறார்கள்.
பின்னால் மதில்,
மதிலில் கண்ணாடிச் சில்லு.
அதனால் நான் நூலை உருட்டி விடுகிறேன்,
பாயைச் சுருட்டியவர் மனம் மாறி விரிப்பதுபோல.

அது செம்மஞ்சள்.
தலையில் கரிச்சட்டி தொட்ட விரலின் கறுப்பு.
பெற்றோல் வரிசைக் காலத்தில் மூடிய ஹோட்டலின்
முற்றத்துத் தொட்டியிலிருந்து
வெள்ளத்தோடு வந்ததென்கிறார் த்ரீவீலர் சப்தீன்.
இல்லை, எட்டாம் மாடி ஆள் ஒருவர்
வாளியோடு வந்து கவிழ்த்தார்,
கவிழ்த்துவிட்டு அழுதார்
என்கிறாள் தேத்தண்ணிக்கடை சோமலதா.
சாம்பல் நிறக் கெண்டைகள் நடுவே
கலியாணத்துக்கு உடுத்திக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
மூன்று துண்டு மெய்யான பாண்,
நாலாவது என்னுடையது.

முதலாவதைத் தின்றது.
இரண்டாவது.
மூன்றாவதைச் சுற்றிப்போய்
என் பொய்க்குக் கீழே வந்து
ஊதும் வாயோடு நின்றது.

இழுக்காதே.
வாய் மூடட்டும்.
ஒன்று,

ரீல் கத்தியது.

நாலு இறாத்தல் தாங்கும் நூல்
ஏழு இறாத்தல் மீன்.
இறுக்கினால் அறும், தளர்த்தினால் கழன்றுவிடும்.
நடுவில் இருந்தது என் ஆட்காட்டி விரல்
அதை நூல் அறுத்துக்கொண்டிருந்தது.
பாலத்தின் கீழே போனது. விட்டேன்.
சல்வீனியாவுக்குள் போனது. கும்பிட்டேன்.
இருபது நிமிடம்
வீட்டு வாடகை, அக்காவின் விசா, எதுவும் நினைவில்லை.

பாலத்தில் சைக்கிளை நிறுத்தி ஒருவர் கேட்டார்,
"மிஸ், ஏ மொன மாளுவத?"
"கோய்" என்றேன்.
"கோயி ஏக்கத?"
என்ன மீன் என்று கேட்டவருக்கு
நான் "எது" என்று சொல்லியிருக்கிறேன்,
அவர் "எதது" என்று திருப்பிக் கேட்கிறார்.
இரண்டு பேருக்கும் பதில்
வலைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஈரக்கையால் உதட்டைத் திறந்தேன்.
ஒரு பல் இல்லை.
கெண்டைக்குப் பல் தொண்டைக்குள்தான்,
படித்திருக்கிறேன்.
ஆனாலும் என் பெருவிரல்
பழக்கத்தில் முரசைத் தடவி
அளவெடுத்தது.
முள்ளைக் கழற்றினேன்.
அது கொஞ்சநேரம் என் கையிலேயே நின்றது,
பிறகு வாலால் என் முகத்தைக் கழுவிவிட்டுப் போனது.

திங்கள் முழுக்க
அச்சுப் பசை குழைக்கையில் விரல் எரிந்தது.

அடுத்த ஞாயிறு
அதே இடம், அதே செருப்பு.
வந்தது.
மெய்ப் பாண் மூன்றையும் தின்றது.
நாலாவதை உதட்டால் தொட்டு
துப்பிவிட்டு
என்னைப் பார்த்தது,
"சரியாப் பொருந்தேல்லை" என்று
கட்டுப்பல்லைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டுவந்து
மேசையில் வைப்பவர்கள்
பார்ப்பதுபோல.