முதல் விருப்பம்

ஜெராக்ஸ் கடையில் மின்விசிறிக்குக் கீழே
எனக்கொரு நாற்காலி, ஹசீனாவுக்கொரு நாற்காலி.
திரையில் இரண்டு ஊர்:
மதுரை. தேனி.
எது முதல்ல அக்கா, என்கிறாள்.
மூன்று வருடச் சட்டப் படிப்பு.
எனக்கு முப்பத்தொரு வயது.
நாளை மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

மதுரை என்றால் சிரமமில்லை.
ஜில்லா கோர்ட்டுக்கு எதிரே ஆறு வருடமாக
அஃபிடவிட் அடிக்கிறேன்.
'மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்'
கண்ணை மூடிக்கொண்டே வரும்.
பணிவு என்ற சொல்லில் விரல் இடறியதே இல்லை.
எந்தப் படியில் மழைத் தண்ணீர் தேங்கும்,
எந்த கிளார்க் சாப்பாட்டுக்குப் போனால்
அன்றைக்குத் திரும்ப மாட்டார், தெரியும்.
காலையில் வகுப்பு, சாயங்காலம் கடை.
ஓனர் சம்மதித்துவிட்டார்,
பாதிச் சம்பளத்துக்கு.

ஆனால் மதுரை என்றால் அந்த வராண்டாவும்தான்.
அங்கே நானும் ஒரு மனுதாரர்.
பதினேழு வாய்தா.
பதினெட்டாவதில்
எதிர்த்தரப்பு வக்கீல்
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"பி.காம் படிச்சிருக்கீங்களேம்மா,
உங்களுக்கு எதுக்கு ஜீவனாம்சம்?"
பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
நகலுக்கு மனுப் போட்டு வாங்கிப் பார்த்தேன்.
கேள்வி இருந்தது. என் பதில் இருந்தது,
இரண்டு எழுத்துப் பிழையோடு.
சிரிப்பு இல்லை.

போன ஞாயிறு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.
உசிலம்பட்டி தாண்டியதும் ஜன்னல் காற்று மாறியது.
ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி முக்கி முக்கி ஏறியது.
கல்லூரி பூட்டியிருந்தது.
கேட் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்:
கொடியில் யாரோ ஒருத்தியின் கறுப்புக் கோட்டு
இரண்டு கையும் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.
அதற்குப் பின்னால் மலை.
எந்த எண்ணையும் சொல்லி
மலை என்னைக் கூப்பிடவில்லை.

டீக்கடையம்மா நாலே நிமிடத்தில் கேட்டு முடித்தார்:
எந்த ஊரு, யாரைப் பாக்க வந்த,
வீட்டுக்காரர் என்ன பண்றாரு.
"எதிர்மனுதாரரா இருக்காரு" என்றேன்.
பெரிய உத்தியோகம் என்று நினைத்திருக்க வேண்டும்.
"அப்பறம் என்ன குறைச்சல்" என்று
என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினார்.
திரும்பும் வழியெல்லாம் சிரித்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர்
முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய ஊரில் கூட்டத்தோடு கூட்டமாக
ஒளிந்துகொள்ளலாம் என்பார்கள்.
என் விஷயத்தில் நேர்மாறு.
சின்ன ஊரில்தான் என்னை யாருக்கும் தெரியாது,
ஒரு வாரத்துக்கு.
மிஞ்சிப் போனால் இரண்டு.
அந்த இரண்டு வாரம் வேண்டும் போலிருந்தது.

தேனியை முதல்ல போடு, என்றேன்.
போட்டாள்.
ஆறு இலக்க எண் ஒன்று வரும், சொல்லுங்கக்கா.
அது என் தம்பி மருதுபாண்டியின் போனுக்குப் போகும்.
வீட்டை விட்டு வந்த நாளில்
என்னிடம் போன் இல்லை,
எல்லா இடத்திலும் அவன் நம்பர்தான்.
அவன் ராஜபாளையம் வண்டியில் ஸ்டியரிங் பிடித்திருந்தான்.
கல்லுப்பட்டியில் நிறுத்தி
அவன் படித்துச் சொல்வதற்குள்
பக்கம் செத்துப்போனது.

மறுபடி முதலிலிருந்து.
பெயர். அப்பா பெயர்.
மணமானவரா: ஆம், இல்லை.
வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கு
மூன்றாவது கட்டம் கிடையாது.
ஹசீனா என்னைக் கேட்காமலே
போன தடவை போட்டதைப் போட்டாள்.

எது முதல்ல அக்கா? தேனிதானே?
அந்த வக்கீல் இப்போதும்
அதே தூணோரம் நின்றுதான் கண்ணாடி துடைக்கிறார்.
நேற்றுகூட என்னிடம்
அவசரமாக ஒரு மனு அடித்து வாங்கிப் போனார்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
அல்லது தெரிந்து,
மறுபக்கம் எண்ணிப் பணம் கொடுத்தார்.

மதுரை, என்றேன்.
குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது,
லேமினேஷனுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

ஹசீனா ஏன் என்று கேட்கவில்லை.
மருது இந்த முறை
திருவேங்கடம் விலக்கில் வண்டியை ஓரங்கட்டி
ஆறு எண்ணையும் கத்திச் சொன்னான்,
பின்னால் பயணிகள் அவனைத் திட்டுவதும் கேட்டது.

ரெண்டு தடவைக்கும் சேர்த்து அறுபது ரூபாக்கா.
சில்லறை இல்லை, நாளைக்குத் தரவா?
வாய்தாவா, என்றாள்.