வால்

மழை நான்காம் நாள். குர்லாவில்
தண்டவாளம் காணாமல்போய் ரயில்கள் நின்றுவிட்டன.
விக்ரோலி லேபில் மாட்டிக்கொண்டோம்
நானும் பெய்ஷோட்டோவும்
பெய்ஷோட்டோ இழுத்த கண்ணாடிக் குழாயும்.

இருபது மீட்டர். நாற்பத்திரண்டு சுற்று.
டெலிபோன் வயர் மாதிரி இருக்கும், இழுக்கத்தான் கூடாது.
உள்ளே தையல் நூல் நுழையும்,
முடிச்சு நுழையாது.

கண்ணாடி வழவழப்பு என்பது விரலின் அபிப்பிராயம்.
ஒரு துளி ஆல்கஹாலைக் கேட்டுப் பாருங்கள்:
சுவர் முழுக்கக் கை.
போகிறவர் சட்டையைப் பிடித்து
கொஞ்சம் இருந்துட்டுப் போங்க என்கிற கை.
அமிலம் நிரப்பி, வேகவைத்துக் கழுவினால்
இன்னும் நாலு முளைக்கும்.
பிறகு சிலேன் ஆவி. இரு முனையும் உருக்கி மூடி
நானூறு டிகிரியில் ஓர் இரவு.
கைக்கொரு உறை.

அந்த இரவில்தான் விருதுநகரிலிருந்து ட்ரங்க் கால்.
'இன்னும் வீட்டுக்குப் போகலையா?'
'அவன் சூடு ஆறுற வரைக்கும் இங்கதாம்மா.'
மழையில்லாத ஊரின் மௌனம்.
'அவன் யாருடி?'
'அடுப்பும்மா. கரண்ட் அடுப்பு.'
அந்த நேரம் பார்த்து பெய்ஷோட்டோ இருமினான்.
மூன்று நிமிடம் முடிந்தது.

மறுநாள் குழாய் நிறையப் பசைக் கரைசல்,
ஒரு முனையில் அடைப்பு, மறுமுனையில் வாக்குவம் பம்ப்.
திரவத்தின் விளிம்பு பின்வாங்கிக்கொண்டே போனது,
சுற்றுக்கு இருபது நிமிடம்,
விட்டுப்போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தோல்.
ஒரு குமிழி போதும், அத்தனையையும் துப்பிவிடும்.
பம்ப் அதிராமலிருக்க அதன் அடியில்
என் டிபன் துண்டை மடித்து வைத்தோம்.
முப்பத்தொன்றாவது சுற்றில் தூங்கிவிட்டேன்.
விழித்தபோது குழாய் காலி. குமிழி வரவில்லை.
கண் சிவந்து உட்கார்ந்திருந்தான் பெய்ஷோட்டோ.

சனிக்கிழமை சோதனைக் கலவை.
ஹெப்டேன், டெக்கேன், அனிலீன்கூட
ஊசி ஊசியாக எழுந்து இறங்கியாயிற்று.
ஆக்டனால் மட்டும் இறங்க மனமில்லாமல்
தாளோடு தேய்ந்து தேய்ந்து.
இதற்கு டெய்லிங் என்று பெயர். தமிழில் வால்.
முனைகளை நேராக்க நான் காட்டிய சுடர்
கடைசி ஏழு சென்டிமீட்டரில் உறையை எரித்திருக்கிறது.
அங்கே எங்கோ ஒரு கை.

செவ்வாயன்று இன்லாண்ட் லெட்டர், ஓரம் நனைந்து.
முழு நீலத் தாளில் ஒரே வரி:
'அடுப்புக்கு இருமல் எப்படி இருக்கிறது?'

தமிழ் தெரியாத பெய்ஷோட்டோ எட்டிப் பார்த்து
என்ன எழுதியிருக்கு என்றான்.
டெய்லிங் என்றேன்.