இடது முழங்கை

வெர்னா எட்சார்ட் சாவியை மேசைமேல் வைத்தாள்.
"சிவப்பு," என்றாள்.
"தீயணைப்பு வண்டிச் சிவப்பு."

வெளியே, எல்கோவின் ஏப்ரல் வெயிலில்
ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஸ்டூட்பேக்கர் லாரி
எஞ்சின் சூடு ஆறாமல்
டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருஷமாய் வண்டிக்கு வர்ணம் அடிக்கிறவன் நான்.
சோறு போடுவது அதுதான்.
ஆனாலும் சில வண்டிகள் முன்னால்
தேய்ப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு
தொப்பியைக் கழற்றலாமா என்று நின்றுவிடுவேன்.

பச்சையாய்ப் பிறந்த வண்டி.
கூரையில் இப்போது அது இல்லை.
உப்புச் சமவெளிக் காற்று தின்றது போக
செங்காவி அடிப்பூச்சு, அதுவும் தேய்ந்த இடங்களில்
கடுங்காப்பி நிறத்தில் துரு.
மழை மறந்த ஊரின் துரு அது, அரிக்காது,
தடவினால் விரலில் ஒட்டாது,
பழஞ்சேணம் மாதிரி வழவழக்கும்.
மட்கார்டின் வளைவுக்குக் கீழே மட்டும்
வெயில் எட்டாத ஒரு சாண்
இன்னும் பிடிவாதமாய்ப் பச்சை.

சாயம் வெளுத்தால் குட்டு உடையும் என்பார்கள்.
இதில் வெளுக்க வெளுக்க
நிஜம்தான் வந்துகொண்டிருந்தது.

ஓட்டுகிறவர் பக்கக் கதவு. கண்ணாடி இறங்கும் விளிம்பு.
அங்கே ஒரு முழங்கை அளவுக்கு
வர்ணமும் இல்லை, துருவும் இல்லை,
வெறும் இரும்பு. முகம் பார்க்கலாம்.
முப்பத்தொரு கோடை
யாரோ சாய்ந்து சாய்ந்தே தீட்டியது.
என் கையை வைத்துப் பார்த்தேன்.
என்னைவிட உயரமான ஆள்.

"பெனாட்," என்றாள் வெர்னா.
"ஆடுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான்.
சாலையை வண்டி பார்த்துக்கொள்ளுமாம்."

சொன்னேன்: அடிக்க வேண்டாம்.
ஆளிவிதை எண்ணெயில் துணி நனைத்து
ஒரு தடவை துடைத்தால் போதும்.
இப்படி ஒரு மேனிக்காகச்
சாக்ரமெண்டோவிலிருந்து வருகிறார்கள்.
ரீனோவில் ஒருத்தன்
புதுத் தகட்டில் வினிகரும் உப்பும் தெளித்துப்
பொய்த்துரு வளர்க்கிறான், தெரியுமா,
அவனிடம் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.
இரட்டை விலைக்கு நானே ஆள் பிடித்துத் தருகிறேன்.
அந்த விளிம்பை
எந்த மெஷினாலும் செய்ய முடியாது.

முழுசாகக் கேட்டாள்.
கையுறையைக் கழற்றினாள்.
கூரையைக் காட்டினாள்.

"உனக்கு அது அழகு.
எனக்கு அது
அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று.
கம்பளி விலை விழ விழ
அடுத்த வருஷம் அடிக்கலாம், அடுத்த வருஷம் அடிக்கலாம்
என்றே போன கூரை.
சர்ச் வாசலில்
மற்றவர்கள் வண்டியிலிருந்து தள்ளி நிறுத்திய கூரை."

முழங்கை? என்றேன்.

"அந்த முழங்கை விலாவில் இடிக்க
நாற்பது வருஷம் தூங்கியிருக்கிறேன்.
அதை ஞாபகம் வைத்துக்கொள்ள
எனக்கு ஒரு லாரி வேண்டுமா?"

கம்ப்ரஸர் ஒரு முறை மூச்சு விட்டது.
நான் விடவில்லை.

விற்கவும் போவதில்லையாம்.
ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்தில்
எண்பத்து மூன்று வயதில் அவளே ஓட்டப் போகிறாளாம்,
முன்வரிசையில்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே போனவள்
வலது கதவருகே நின்றாள்.
அங்கேயும் விளிம்பில் வரிவரியாய்க் கீறல்,
வெள்ளையாய், ஆழமாய்.
"பெல்ட்சா," என்றாள். "கறுப்பு நாய்.
முயலைக் கண்டால் இருக்க மாட்டாள்.
இதை மட்டும் விட்டுவிடு."
நான் அவளைப் பார்த்தேன்.
"நாய் ஒரு தப்பும் பண்ணவில்லை."

மூன்று வாரம்.
கூரை தூளாய் இறங்கியது,
முதலில் காப்பி, பிறகு காவி,
என் புருவத்திலெல்லாம் அதுதான்.
முழங்கை இடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
அவ்வளவு வழவழப்பில் வர்ணம் பிடிக்காது.
முரட்டுத்தாளால் அதைக் காயப்படுத்த வேண்டியிருந்தது.
அன்று மதியம் சோறு இறங்கவில்லை என்று சொன்னால்
கேட்க நன்றாயிருக்கும். இறங்கியது.

டேப்பை உரித்தபோது
அத்தனை சிவப்புக்கு நடுவே
உள்ளங்கை அகலம் பழைய பச்சை, நாலு நகக்கோடு.
பார்க்கிறவர்கள் கேட்பார்கள்,
பெயிண்ட் தீர்ந்துபோச்சா என்று.

வெர்னா ஏறி உட்கார்ந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியை இறக்கினாள்.
நெடுஞ்சாலைக்குத் திரும்பும்போது
இடது முழங்கையைத் தூக்கி வெளியே வைத்தாள்.
இன்னும் காயவில்லை என்று
கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.